கார்த்திகை மழையும் நவம்பர் 30உம்



ஐப்பசி பிறந்த நாளிலிருந்து எங்கள் பத்திரிகைக்கு வரும் கடிதங்களிலும் தொலைபேசி அழைப்புகளிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சேர், இந்தமுறை வருமான வரி டேட்டை நீடிப்பாங்களா?" கேட்பவர்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்கள், காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருப்பவர்கள், களுவாஞ்சிக்குடியில் வீட்டின் முன்பக்கத்தைக் கடைக்கு வாடகைக்குக் கொடுத்தவர்கள், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் வேலை செய்பவர்கள் என்று எல்லா வகையினரும் இருக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு முன்பு இந்தக் கேள்வியோடு எங்களைத் தேடி யாரும் வந்ததில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. 2020 ஜனவரியில் இலங்கையில் வருமான வரி விலக்கின் எல்லையை ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். மாதம் இரண்டரை இலட்சம் உழைக்காத எவருக்கும் வருமான வரி என்ற நினைப்பே தேவைப்படவில்லை. சம்பளத்தில் மாதாமாதம் கழித்த வரியையும் அப்போது எடுத்துவிட்டார்கள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2022இல் நாடு கையில் காசில்லாமல் நின்றது. எரிபொருள் வரிசையில் நாம் நின்றோம். 2023 ஜனவரியில் அந்த எல்லை 12 இலட்சத்துக்கு இறங்கியது. மாதம் ஒரு இலட்சம் தாண்டியவர்கள் எல்லாரும் வரிக்காரர் ஆனார்கள். சம்பளக் கழிப்பு ஏபிட் என்ற பெயரில் கட்டாயமாகத் திரும்பி வந்தது. நிலையான வைப்பு வட்டியில் 5 வீதம் வங்கியே பிடித்துக்கொண்டது. 2024 தொடக்கத்தில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் டின் எனப்படும் வரி அடையாள இலக்கம் எடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு தலைமுறையே பழகாத வேலை ஒன்று மூன்று வருடத்துக்குள் இந்தக் கிழக்குக் கரை முழுவதும் வந்து சேர்ந்தது.

அதனால் கேள்வி நியாயமானது. அதற்கான பதிலை இந்தப் பக்கத்தில் நீளமாகவே எழுத நினைக்கிறேன். திகதியை நீடிப்பார்களா இல்லையா என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதற்குள் இருக்கிறது.

முதலில் திகதியைப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி அடுத்த மார்ச் 31இல் முடிகிறது. முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30க்குள், வருமான வரி விபரத்திரட்டைக் கொடுத்துவிட வேண்டும். 2024/2025 ஆண்டுக்கான விபரத்திரட்டின் கடைசி நாள் 2025 நவம்பர் 30. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எட்டு மாதம் என்பது தாராளமான காலம்தான். கொழும்பில் இருந்து கணக்குப் பார்ப்பவருக்கு அதில் குறை தெரியாது. ஆனால் அந்த எட்டாவது மாதம் நமக்கு எந்த மாதம்? மட்டக்களப்பில் ஒரு வருடத்தில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டுகிறது. கச்சான் காற்று அடங்கி, வாடை திரும்பி, வாவி நிறைந்து, வயலெல்லாம் விதைத்து முடிந்த நேரம் அது. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவைத் திறந்தால் வவுணதீவுப் பக்கம் பாதை தண்ணீருக்குள் போகும். கிரானுக்கும் புலிபாய்ந்தகல்லுக்கும் இடையில் தோணி ஓடத் தொடங்கும். வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கத்தில் எந்த வீதியால் பஸ் வரும், எதால் வராது என்பதை அன்றாடம் கேட்டுத்தான் புறப்பட வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கரண்ட் போனால் எப்போது வருமென்று சொல்ல முடியாது. கரண்ட் போன சில மணி நேரத்தில் கைத்தொலைபேசிக் கோபுரமும் ஓய்ந்துவிடும்.

இது எப்போதாவது வரும் சங்கடமா? 1978இன் பெரும் சூறாவளி நவம்பர் 23ஆம் திகதி இரவில் வந்தது. தென்னந்தோட்டங்கள் வேரோடு சாய்ந்த அந்த இரவை நேரில் கண்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் கிழக்கு முழுவதும் தண்ணீரில் கிடந்தது. 2024இலும் நவம்பர் கடைசி வாரத்தில்தான் பெருமழை வந்தது. நவம்பர் 25இல் தொடங்கிய உயர்தரப் பரீட்சையை இரண்டு நாளில் இடைநிறுத்தி, டிசம்பர் 4இல் மறுபடி நடத்தினார்கள். அதே வாரத்தில் காரைதீவில் மத்ரஸாப் பிள்ளைகள் போன உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடிபட்ட துயரத்தை நாம் எவரும் மறக்கவில்லை. அந்த வாரத்தின் சனிக்கிழமைதான் நவம்பர் 30. அன்றுதான் நாடு முழுவதும் வருமான வரி விபரத்திரட்டுக்குக் கடைசி நாள்.

நான் சொல்ல வருவது இதுதான். நம்முடைய வரித் திகதி, நம்முடைய வெள்ளத்தின் மேலேயே விழுகிறது. வருடந்தோறும் விழுகிறது. வேண்டுமென்று எவரும் அப்படி வைக்கவில்லை. மார்ச்சிலிருந்து எட்டு மாதத்தை எண்ணினார்கள், அவ்வளவுதான். எண்ணியவர்களின் மேசையிலிருந்து பார்த்தால் வாவி தெரியாது.

இப்போது நீடிப்புக்கு வருகிறேன். இது நாடுகள் எல்லாம் செய்வதுதான். நம்மவர்கள் பலருக்கு உறவுக்காரர் இருக்கும் இடங்களையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் ஜூலை 31இல் முடிய வேண்டிய திகதியை 2020இல் கொரோனா காரணமாக முதலில் நவம்பர் 30க்கும், பிறகு டிசம்பர் 31க்கும், பிறகு 2021 ஜனவரி 10க்கும் தள்ளினார்கள். 2025இலும் செப்டெம்பர் 15 வரை நீடித்தார்கள். அந்தக் கடைசி நாளில் எல்லாரும் ஒரேயடியாக இணையத்தளத்துக்குள் நுழைந்து அது திணறியதும், நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் இன்னும் ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள். இலண்டனில் இருப்பவர்களுக்கு ஜனவரி 31 கடைசி நாள். 2021இலும் 2022இலும் அங்கே திகதியை மாற்றவில்லை. ஆனால் பெப்ரவரி 28க்குள் கொடுத்துவிட்டால் தாமதத் தண்டம் இல்லை என்றார்கள். கனடாவில் ஏப்ரல் 30ஐ 2020இல் ஜூன் 1க்குத் தள்ளினார்கள்.

நம் நாட்டிலும் நடக்காத காரியம் அல்ல. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, வருமான வரியும் வற் வரியும் செலுத்தும் காலத்தை ஏப்ரல் 30 வரை நீடித்தார்கள். அரசு நினைத்தால் ஓர் அறிவித்தலில் முடியும் வேலை அது.

ஆனால் இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கேரளத்தினுடையது. 2018 ஆகஸ்டில் அங்கே பெருவெள்ளம் வந்தது. அந்த வருடம் இந்தியா முழுமைக்கும் கடைசித் திகதி ஆகஸ்ட் 31. கேரளத்து வரிக்காரருக்கு மட்டும் அதைச் செப்டெம்பர் 15 வரை நீடித்தார்கள். நாடு முழுவதையும் தள்ளவில்லை. தண்ணீர் எங்கே நின்றதோ அங்கே மட்டும் தவணை கொடுத்தார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது தமிழ்நாட்டுக்காரருக்கு முற்பண வரித் தவணையை டிசம்பர் 15இலிருந்து 31க்கு நீடித்ததும் இதே வழிதான். அமெரிக்காவில் இது இன்னும் ஒழுங்காக நடக்கிறது. புயலோ காட்டுத்தீயோ வந்து ஒரு மாவட்டத்தை அனர்த்தப் பிரதேசமாக அறிவித்தால், அந்த மாவட்டத்து முகவரி உள்ளவர்களுக்குத் தவணை தானாகவே சேர்ந்துவிடுகிறது. கடிதம் எழுத வேண்டியதில்லை.

இங்கே எப்படி? காலநீடிப்பு வேண்டுமென்று உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்க நம் சட்டத்திலும் இடம் இருக்கிறது. நியாயமான காரணம் இருந்தால் அவர் கொடுக்கலாம். ஆனால் அதைக் கடைசி நாளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். வெள்ளம் 27ஆம் திகதி வீட்டுக்குள் வருகிறது என்று வையுங்கள். வீட்டுக்காரர் நெல்மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் பரணில் ஏற்றி, வயதான தாயைப் பாடசாலை முகாமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மழைக்குள் நின்று ஆணையாளர் நாயகத்துக்குக் கடிதமா எழுதுவார்? தனி ஆளுக்கு நேரும் நோய்க்கும் மரணத்துக்கும் அந்த ஏற்பாடு சரி. ஒரு மாவட்டமே தண்ணீரில் கிடக்கும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்க வைப்பது சரியல்ல.

வாவியின் முகத்துவாரத்தை நினைத்துப் பாருங்கள். பாலமீன்மடுவில் மணல் மேவி வாய் அடைந்து கிடக்கும். தண்ணீர் ஏற ஏற, எப்போது வெட்டுவது என்று விவசாயிகளும் மீனவர்களும் அதிகாரிகளும் கூடிப் பேசுவார்கள். முந்தி வெட்டினால் இறால் போய்விடும் என்பார் ஒருவர். பிந்தி வெட்டினால் வயல் அழுகிவிடும் என்பார் இன்னொருவர். சச்சரவு இருக்கும். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு வெட்டுவோம் என்று எவரும் சொல்வதில்லை. வரித் தவணையும் அப்படித்தான் இருக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் எந்தப் பிரதேச செயலகப் பிரிவைப் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கிறதோ, அந்தப் பிரிவில் வசிப்பவர்களின் திகதி அன்றே டிசம்பர் கடைசிக்கு நகர வேண்டும். பிரதேச செயலகத்திடம் பெயர்ப்பட்டியல் இருக்கிறது, கிராம உத்தியோகத்தரிடம் வீட்டுக்கணக்கு இருக்கிறது, இறைவரித் திணைக்களத்திடம் நம்முடைய முகவரியும் டின் இலக்கமும் இருக்கின்றன. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருக்கும் தகவல்களை ஒன்றோடொன்று இணைத்தால் போதும்.

இதை நம்முடைய பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவுசெலவுத்திட்ட விவாதத்தில் கேட்கலாம். அந்த விவாதம் வழக்கமாகத் தொடங்குவதும் நவம்பரில்தான். கட்சி எதுவானாலும் மழை எல்லாருடைய வாக்காளர் மேலும்தான் பெய்கிறது. கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நாம் வரி கொடுக்க மாட்டோம் என்று சொல்லவில்லை. ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும் கூலித்தொழிலாளிகூட 18 வீத வற் வரியைத் தவணை கேட்காமல், தாமதிக்காமல் அன்றே கொடுத்துவிடுகிறார். அப்படிக் கொடுக்கும் மக்கள் வருடத்தில் ஒருமுறை, வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது, நான்கு வாரம் கேட்பது அதிகமில்லை.

அடுத்தது உங்களுக்கு. இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நீடிப்பு வரும் என்று நம்பி ஒருவரும் இருந்துவிட வேண்டாம்.

ஏனென்றால் நீடிப்பு வந்தாலும் அது பெரும்பாலும் கணக்குக் கொடுப்பதற்கான நீடிப்பு. காசு கட்டுவதற்கான நீடிப்பு அல்ல. இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். நம் சட்டத்தில் இவை இரண்டும் வேறு வேறு திகதிகள். வரியை ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணையில் கட்ட வேண்டும். மீதி ஏதும் இருந்தால் செப்டெம்பர் 30க்குள் கட்டி முடிக்க வேண்டும். 2024/2025க்கான அந்த செப்டெம்பர் 30 போய்விட்டது. கட்டாதவருக்கு மாதத்துக்கு ஒன்றரை வீத வட்டி ஓடத் தொடங்கியிருக்கும். விபரத்திரட்டுக்கு ஒரு மாதம் தவணை கிடைத்தாலும் அந்த வட்டி நிற்காது. அமெரிக்காவிலும் இதே நிலைதான். அங்கே கேட்டவருக்கெல்லாம் ஆறு மாத நீடிப்பு உண்டு, ஏப்ரலிலிருந்து அக்டோபர் 15 வரை. ஆனால் வரிக்காசை ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். சம்பளம், வாடகை, வட்டி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு அந்த ஆண்டில் 15 இலட்சம் வருமானம் என்று வைப்போம். 12 இலட்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது 3 இலட்சம். முதல் 5 இலட்சத்துக்கு 6 வீதம் என்பதால் வரி 18,000 ரூபா. ஏற்கெனவே சம்பளத்திலும் வட்டியிலும் பிடித்ததைக் கழித்தால் அதிலும் கொஞ்சம்தான் மீதியிருக்கும். இரண்டு மாதம் பிந்திக் கட்டினால், முழுத் தொகைக்குமே வட்டி 540 ரூபா. இதைத் தாங்கலாம். ஆனால் விபரத்திரட்டைக் கொடுக்காமல் விட்டால் தண்டம் வேறு கணக்கில் வருகிறது. வரியில் 5 வீதமும் மாதத்துக்கு ஒரு வீதமும் ஒரு பக்கம். 50,000 ரூபாவும் மாதத்துக்கு 10,000 ரூபாவும் இன்னொரு பக்கம். இவற்றில் எது கூடவோ அதுதான் தண்டம். உச்சம் 4 இலட்சம். அதாவது பதினெட்டாயிரம் வரி உள்ளவருக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் தண்டம் வர இடமிருக்கிறது. பெரிய கம்பனிக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டல்ல. ஆரையம்பதியில் இரண்டு அறையை வாடகைக்குக் கொடுத்து வாழும் ஓர் அம்மாவுக்கு அது ஒரு வருடத்து மருந்துச் செலவு. சிறிய வரிக்காரர் மேல் இந்தத் தண்டம் அளவுக்கு மீறிய பாரமாக விழுகிறது என்பது என் உறுதியான எண்ணம். சட்டம் மாறும்வரை நாம்தான் அதில் அகப்படாமல் இருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "இப்ப பதினெட்டு இலட்சம் வரைக்கும் வரி இல்லைதானே?" என்று பலர் கேட்கிறார்கள். இல்லைதான். ஆனால் அது 2025 ஏப்ரல் 1இலிருந்து. 2025 நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டியது அதற்கு முந்தின ஆண்டின் கணக்கு. அதற்குப் பழைய 12 இலட்சமே செல்லும். மேலே சொன்ன அதே 15 இலட்சக்காரருக்கு 2025/2026 கணக்கில் வரி இல்லை. 2024/2025 கணக்கில் இருக்கிறது. வங்கி வட்டியிலும் அப்படியே. இப்போது பிடிப்பது 10 வீதம். 2024/2025இல் பிடித்தது 5 வீதம். இரண்டையும் கலந்து எழுதிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய காசை நிலையான வைப்பில் போட்டு, அதன் வட்டியில் வாழும் முதியவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. அவர்களில் பலருடைய மொத்த வருமானம் எல்லைக்குக் கீழேதான். ஆனாலும் வங்கி வட்டியில் பிடித்துவிட்டது. அந்தக் காசு அவர்களுடையது. திருப்பிக் கேட்க வேண்டுமென்றால் விபரத்திரட்டுக் கொடுக்க வேண்டும். இவர்களுக்கு நவம்பர் 30 என்பது வரி கட்டும் நாள் அல்ல, காசைக் கேட்டு வாங்கும் நாள். இனிமேல் பிடிக்காமல் இருக்க, வருமானம் 18 இலட்சத்துக்குள் என்று வங்கியில் ஒரு பிரகடனம் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு டின் இலக்கம் வேண்டும். பக்கத்து வீட்டில் இப்படி ஒரு பெரியம்மா இருந்தால் அவருக்கு இதைச் சொல்லுங்கள். பத்திரிகை வாசிக்காதவர்களுக்குத்தான் இந்தச் செய்தி அதிகம் தேவை.

விபரத்திரட்டை இப்போது இணையத்தில்தான் கொடுக்கிறோம். திணைக்களத்தின் ராமிஸ் தளத்துக்குள் டின் இலக்கத்தோடும் பின் (PIN) என்ற இரகசிய இலக்கத்தோடும் போக வேண்டும். கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. வேலைத்தலத்தில் தரும் டி-10 சான்றிதழ், ஒவ்வொரு வங்கியிலிருந்தும் வட்டியும் பிடித்த வரியும் குறித்த கடிதம், வாடகை ஒப்பந்தம், கடை வைத்திருப்பவருக்குக் கணக்குப் புத்தகம். இவை எல்லாம் கையில் இருந்தால் சம்பளக்காரர் ஒருவர் ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். ஆனால் வங்கிக் கடிதம் ஒன்று குறைந்தால் அந்தப் பிற்பகல் இரண்டு வாரமாகிவிடும். ஆகவே நவம்பர் முதல் வாரத்திலேயே, பாதை திறந்திருக்கும்போதே, வங்கிக்குப் போய்வாருங்கள். படுவான்கரையிலிருந்து வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மண்முனைப் பாலம் 2014இல் வந்த பிறகு கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்துபோவது எவ்வளவோ இலகு. ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள தாழ்ந்த பாதைகள் இன்னும் பழையபடிதான் இருக்கின்றன.

கொமினிகேசன் கடையில் கொடுத்து நிரப்புகிறவர்கள் பலர். அதில் தவறில்லை. நல்ல பிள்ளைகள் பொறுமையாக இருந்து செய்துகொடுக்கிறார்கள். ஆனால் பின் இலக்கத்தைக் கடைக் கணினியில் சேமிக்க விடாதீர்கள். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு தொகையையும் நீங்களே வாசித்துப் பாருங்கள். அனுப்பிய பிறகு வரும் ஏற்புக் குறிப்பை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், கடைக்காரப் பிள்ளை அல்ல.

சந்தேகம் இருந்தால் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்குத் தமிழிலேயே கேட்கலாம், கேளுங்கள். மட்டக்களப்பில் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. அங்கே போகத் தயங்குபவர்களை எனக்குத் தெரியும். போலீஸ் நிலையத்துக்குப் போவதுபோல ஒரு பயம். முப்பது வருடப் போர்க்காலம் அரசாங்கக் கட்டடங்களைக் கண்டால் ஒதுங்கிப் போக நம்மைப் பழக்கியிருக்கிறது. அந்தப் பயம் வந்த வழியை நான் அறிவேன், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மேசைகளில் இருப்பவர்களும் இதே மழையில் நனைந்து, இதே கல்லடிப் பாலத்தால் வேலைக்கு வருபவர்கள்தான். கொழும்பில் இறைவரித் திணைக்களத்தின் தலைமையகம் நிற்கும் வீதிக்குப் பெயரே சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை, யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவரின் பெயர். 1932இல் இந்தத் தீவுக்கு வருமான வரி வந்த காலத்திலிருந்து, அந்தப் பணத்தில் நம்முடைய பங்கும் கலந்தே இருக்கிறது. போய்க் கேட்பது நம் உரிமை.

எழுத்தில் நீடிப்புக் கேட்க வேண்டிய நிலையில் உள்ளவர்கள், நோயாளியை வைத்திருப்பவர்கள், வீட்டில் மரணம் நடந்தவர்கள், கணக்குப் புத்தகம் நனைந்து போனவர்கள், நவம்பர் நடுப்பகுதிக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். காரணத்தைச் சுருக்கமாக எழுதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையோ வைத்தியச் சான்றிதழையோ சேர்த்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். நீடிப்புக் கிடைத்தாலும் வட்டி நிற்காது என்பதை மறக்க வேண்டாம். முடிந்த தொகையை இப்போதே கட்டிவிடுங்கள். மழை வந்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால், தண்ணீர் நிற்கும்போதே திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பிறகு தண்டம் விதிக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்கு அது உதவும்.

அடுத்த வருடத்துக்கு ஒரு யோசனையும் உண்டு. விபரத்திரட்டை நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. நவம்பருக்குள் என்றுதான் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்புக் கழிந்ததும் வங்கிக் கடிதங்களைக் கேட்டு வாங்கிவிடலாம். சிறுபோக அறுவடை முடியும் ஆகஸ்டில், கச்சான் வீசி நிலம் காய்ந்து கிடக்கும் மாதத்தில், உட்கார்ந்து கணக்கை முடிக்கலாம். அப்போது ராமிஸ் தளத்திலும் நெரிசல் இருக்காது. செப்டெம்பர் 30க்கு முன்பே எவ்வளவு கட்ட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால் நாம் முந்திக்கொள்வதால், கேட்பதை விட்டுவிடக் கூடாது. ஆகஸ்டில் முடிக்க எல்லாராலும் முடியாது. நெல் விற்ற காசு கைக்கு வராத ஆலைக்காரர், கணக்காளருக்குக் கொடுக்கப் பணம் சேராத சிறு ஒப்பந்தக்காரர், டி-10ஐ இன்னும் கைக்குக் கொடுக்காத வேலைத்தலத்தில் இருப்பவர் எல்லாரும் நவம்பருக்குத்தான் வந்து சேருவார்கள். அவர்களுக்காக, வெள்ளம் வந்த பிரதேசத்துக்குத் தானாக வரும் தவணையை இந்தப் பத்திரிகை தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். இந்த நவம்பரில் மழையால் விபரத்திரட்டைக் கொடுக்க முடியாமல் போனால், எந்த ஊர், எந்த நாள் பாதை அடைபட்டது, எத்தனை நாள் கரண்ட் இல்லை, யாரிடம் என்ன கேட்டீர்கள், என்ன பதில் கிடைத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயரை வெளியிட மாட்டோம். வருமானத் தொகை எதையும் எழுத வேண்டாம். ஏறாவூரிலிருந்து கல்லாறு வரை, வாவியின் இரண்டு கரைகளிலிருந்தும் வரும் கடிதங்களைத் தொகுத்து, மாவட்டச் செயலகத்துக்கும் இறைவரித் திணைக்களத்துக்கும் நம்முடைய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் தை மாதத்தில் கொடுப்போம். கடிதங்கள் டிசம்பர் கடைசிக்குள் எங்கள் கையில் கிடைத்தால் நல்லது. வெள்ளத்தால் பிந்தினால் பிந்தட்டும், வந்ததும் சேர்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்